பதில் ஆளுக்குப் பயிற்சி இல்லை

ஏலாதவர்களை எழுப்பி அசையவைக்கும் தொழிலில் இறங்குகிறவர் முதல் நாளே ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது: ஏலாதவருக்கு அநேகமாக ஏலும், ஏலாமல் கிடப்பது அவரைச் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான். எனக்கு இது விளங்க ஆறு மாதம் பிடித்தது.

எங்கேயாவது பயிலுநர் என்ற பெயரோடு கதிரை தூக்கி, வந்தவர் போனவருக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, கடைசியில் ஒரு கடதாசித் துண்டோடு வெளியே வந்தவர்கள் இருந்தால், இது அவர்களுக்காகத்தான். மற்றவர்களுக்கு இந்த வருத்தம் விளங்காது. எழுபதுகளின் கடைசியில், தேகப்பயிற்சிப் படிப்பை முடித்த கையோடு, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் புதிதாகத் தொடங்கிய ஒரு நிலையத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கவீனர்களுக்கு உடலியக்கத்தை ஊக்குவிக்கும் நிலையம் என்று பலகையில் எழுதியிருந்தது. பலகைக்குப் பின்னால் இருந்தது ஒரு பழைய புகையிலைக் கொட்டில். முதல் மாதம் அங்கே நடந்த ஒரே உடலியக்கம் தும்மல்தான்.

பொறுப்பாளர் ஒருவர் கெதியாய் வருவார், அதுவரைக்கும் நீர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நான் ஆறு மாதமும் பார்த்துக்கொண்டேன். அவர் வரவில்லை.

பன்னிரண்டு கதிரைகள்

கொட்டிலைத் தந்தவர், தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்த அந்தத் தீவுக்காரர் ஒருவர். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். நிலையத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்புகள், ஏறி இறங்கப் படி, நாலு பந்து, மணல்பை என்று நானும் ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். திறப்பு விழாவன்று லொறியில் வந்து இறங்கியது பன்னிரண்டு சாய்மனைக் கதிரை. ஒவ்வொன்றின் முதுகிலும் அவருடைய தகப்பனாரின் பெயர் வெள்ளை மையால் எழுதியிருந்தது.

விழாவில் பேச வந்தவர்களும் சரியாகப் பன்னிரண்டு பேர். அவர்கள் கதிரைகளில் சாய்ந்திருக்க, ஊன்றுகோலோடு வந்தவர்கள் மூன்று மணித்தியாலம் நின்று பேச்சுக் கேட்டார்கள். அந்த வகையில் நிலையம் முதல் நாளே தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். கூட்டம் கலைந்த பிறகு பெரியவரிடம் போய், என் பட்டியலைப் பற்றி மெல்லக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

“ஓடித் திரியிறதுக்கு ஊரிலை வேறை ஆக்கள் இருக்கினம், தம்பி. இதுகள் பாவங்கள், இருந்து செய்யட்டும்.”

முதல் வாடிக்கையாளர்

ஒழுங்காக வந்த முதல் ஆள் செபமாலை அண்ணை. அல்லைப்பிட்டிக் கடற்தொழிலாளி. இளமையில் மீனுக்கு வெடி எறியப்போய் இடது கையை முழங்கையோடு கொடுத்துவிட்டு வந்தவர். காலமை பத்து மணிக்கு வருவார், மூன்றாவது கதிரையில் சாய்வார், சுருட்டைப் பற்றவைப்பார். நான் புத்தகத்தைப் பார்த்து, ஒரு கை இழந்தவருக்கு மற்றக் கையைப் பலப்படுத்தும் பயிற்சி என்று ஒன்றைத் தேடியெடுத்து, நானே நிரப்பிக் கட்டிய மணல்பை ஒன்றை அவர் முன்னால் வைத்தேன்.

“இதைத் தூக்கி எங்கை வைக்க வேணும்?” என்று கேட்டார். ஓரிடத்திலும் வைக்கத் தேவையில்லை, தூக்கி, இறக்கி, திரும்பத் தூக்க வேண்டும், இருபது தரம் என்றேன். ஒரு கையால் கம்பு ஊன்றி வள்ளம் தள்ளி, வலைக்கயிற்றைப் பல்லால் கவ்வி இழுக்கிற மனுசன் அவர். அந்தப் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்மேல் ஒருவர் அவ்வளவு இரக்கப்பட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

“உடம்பை முறிக்கிற வேலையைக் கடலிலை முடிச்சிட்டுத்தான் வாறன், தம்பி. இஞ்சை நான் வாறது உந்தக் கதிரைக்கு.”

தொடாமல் சொல்லிக்கொடுத்தல்

இரண்டாவதாக வந்தவள் பவளம். ஊர் சரவணை. பத்தொன்பது வயது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் மெலிந்துபோனது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலுக்கு அளவெடுத்து இரும்புச் சட்டம் பூட்டிய சப்பாத்து ஒன்று கொடுத்திருந்தார்கள். அது எங்கே என்று கேட்டேன். தேய்ந்துபோகும் என்று பழைய கூறைச்சேலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பதாகத் தாய் சொன்னார். நல்லநாள் பெருநாளுக்கு எடுத்துப் பார்ப்பார்களாம்.

தகப்பன் தெற்கே கடையில், வருசத்துக்கு இரண்டு தரம்தான் வருவார். தாய்தான் பவளத்துக்குக் காலும் கையும். கிணற்றடிக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் தாயின் தோள். ஆனால் பவளம் சோதனை பாஸ். யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் படிக்கவேண்டும், ஒரு கந்தோரில் வேலை எடுக்கவேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றாள். வகுப்பு தைப்பொங்கல் கழிந்து தொடங்குகிறது. தாய் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதற்குள் பவளம் ஒருவரும் பிடிக்காமல் பஸ்ஸில் ஏறினால் போகலாம். ஏறாவிட்டால் அந்தக் கதையை இனி வீட்டில் எடுக்கக்கூடாது. அப்போது ஆவணி. கையில் நாலரை மாதம் இருந்தது.

எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. நான் கல்யாணம் கட்டாத பொடியன், அவள் கல்யாணம் கட்டாத பெட்டை. நான் இந்தத் தூணடியில், அவள் அந்தத் தூணடியில், இடையில் தாய். இங்கே நின்று அங்கே உள்ள முழங்காலை எப்படி மடக்குவது என்று கேட்டேன்.

“தொடாமல் சொல்லிக் குடுங்கோ, தம்பி. அவள் கண்ணாலை பாத்துப் படிக்கிற பிள்ளை.”

நாற்பது நாள்

நான் தரையில் படுத்துக் காலைத் தூக்கிக் காட்டுவேன். பவளம் பார்ப்பாள். வீட்டில் காலமை இருபது, பின்னேரம் இருபது என்று சொல்லி, ஒரு கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கிழமையும் கொப்பி ஒரு நாள் பிசகாமல் நிரம்பி வந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. ஆனால் நாற்பது நாள் கழிந்தும் காலில் ஒரு மாற்றமும் இல்லை. மாற்றம் தாயில்தான் இருந்தது. முழங்கால் உளைவு என்று தூணைப் பிடித்து எழும்புகிற மனுசி, இப்போது சட்டென்று எழும்பி வாசலுக்குப் போகிறார்.

எனக்கு ஒரு சமுசயம் வந்தது. “எங்கை பவளம், வீட்டிலை செய்யிறதை ஒருக்கால் செய்து காட்டும்” என்றேன். எழும்பியது பவளம் இல்லை. தாய் எழும்பினார், சேலையைச் சொருகினார், கிழக்கே பார்த்துக் கும்பிட்டார், படுத்தார், காலைத் தூக்கத் தொடங்கினார். நாற்பது நாளும் முழுகி, மச்ச மாமிசம் விட்டு, விளக்கேற்றி வைத்துச் செய்தாராம். காய்ச்சல் வந்தது பிள்ளைக்கு என்றாலும் நேர்த்திக்கடன் வைப்பதும் கோயில் வீதியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பதும் தாய்தானே, காய்ச்சல் பிள்ளைக்குத்தானே மாறுகிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் நேர்த்தி என்ற சொல்லே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. நாலரை மாதத்தில் நாற்பது நாள் காற்றில் போய்விட்டது. தாய் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, நீராவது சொல்லியிருக்கலாமே, படிச்ச பிள்ளையெல்லோ என்று பவளத்தில் பாய்ந்தேன். அவள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, குரல் மாறாமல் சொன்னாள்.

“நான் அந்தக் காலைத் தூக்கினால் அம்மா அழுறா, மாஸ்டர். அவ தூக்கினால் ஒருதரும் அழுகிறதில்லை. அதுதான் இருந்து எண்ணிக் குடுத்தனான்.”

அறிவித்தல்

கதிரைகளில் பெயர் எழுதி மிஞ்சிய வெள்ளை மை ஒரு தகரப் பேணியில் கிடந்தது. அன்று பின்னேரமே கொட்டில் சுவரில் முழ உயர எழுத்தில் எழுதினேன்: பதில் ஆளுக்குப் பயிற்சி இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் செய்வது எக்காரணம் கொண்டும் ஏற்கப்படாது. கடைசி வசனம் கந்தோர்க் கடிதங்களில் கண்டது. நல்ல கண்டிப்பாக இருக்கும் என்று சேர்த்தேன்.

மறுநாள் தாய் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளி விறாந்தையில் போய் இருந்தார். அழுகைச் சத்தம் உள்ளே கேட்டது. பவளம் சுவரையே பார்த்துக்கொண்டு, அலுமாரியிலிருந்து மீண்டுவந்த சப்பாத்தின் வாரை இழுத்துப் பூட்டினாள்.

“வடிவான எழுத்து, மாஸ்டர். இது எல்லாருக்கும் பொதுவோ, எங்கடை அம்மாவுக்கு மட்டுமோ?”

எல்லாருக்கும் பொதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தயவுசெய்து இந்த வரியை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பஸ்ஸுக்கு அளவு

காலைத் தூக்கினால் மட்டும் பஸ் ஏறமுடியாது, படி வேண்டும். புத்தகத்தில் படி ஆறு அங்குலம் என்று போட்டிருந்தது. அந்தப் புத்தகம் எழுதியவர் எங்கள் றோட்டில் ஓடும் பஸ்ஸைக் கண்டிருக்கமாட்டார். ஆகவே ஒருநாள் காலமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவன், பஸ் நிற்கும்போதே குனிந்து, படிக்கும் நிலத்துக்கும் இடையே நூல் பிடித்து அளந்து முடிச்சுப் போட்டேன். பிறகு படிக்கும் படிக்கும் இடை. பிறகு பிடிகம்பியின் உயரம். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. ஒரு மனுசி, கம்பனி புது பஸ் செய்யப்போகுது போலை என்று பக்கத்து ஆளுக்குச் சொன்னார்.

கொண்டக்டர் ரிக்கற் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்று, நான் மூன்றாவது முடிச்சைப் போடும்வரை பொறுமையாகப் பார்த்தார்.

“என்ன தம்பி, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப்போறீரோ?”

ஆடும் படி

சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கி ஆணியடித்து நூலளவுக்குச் சரியாகப் படி செய்தேன். பிடிகம்பிக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. பெரியவரின் தகப்பனாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பன்னிரண்டாவது கதிரையைக் கழற்றி அதன் நீளக் கம்பைத் தூணில் கட்டினேன். நல்ல கால் மேலே, கை கம்பியில், இரும்புக் கால் பின்னாலே. இதைத் தூணடியில் நின்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. விழுந்தாள். எழும்பினாள். முழங்கை உரிந்தது. விறாந்தையில் தாய் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். கார்த்திகை முடிய, பவளம் மூச்சு வாங்காமல் ஏறினாள். நான் கை தட்டினேன்.

செபமாலை அண்ணை மட்டும் மூன்றாவது கதிரையில் இருந்தபடி தலையை ஆட்டினார். பிறகு அந்த நிலையத்தில் முதல் தடவையாகத் தன் விருப்பத்தில் எழும்பி வந்து, அடிப்பெட்டியில் கயிறு ஒன்றைக் கட்டினார். கயிற்றின் மற்றத் தலைப்பைத் தன் பெருவிரலில் சுற்றிக்கொண்டு திரும்பவும் சாய்ந்தார். பவளம் கால் வைக்கிற நேரம் ஒரு இழுவை. அவள் தடுமாறி இறங்கினாள். நான் கோபித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளோடுதான் கதைத்தார். கடலில் வள்ளம் ஏறுகிறவன் அது நிற்கும் என்று பார்த்திருப்பதில்லை, ஆட்டம் ஒருக்கால் தணியும், அதுக்குள் காலை வைப்பான் என்றார். அன்றிலிருந்து கதிரையில் சாய்ந்தபடியே கயிற்றை ஆட்டுவதுதான் அவர் வேலை. நான் ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும்விட அந்தக் கயிறுதான் உதவியது. இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருசம் பிடித்தது. செபமாலை அண்ணை அன்றைக்கே அவளுக்குச் சொல்லிவிட்டார்.

“தம்பி செய்த படி நல்ல படிதான், பிள்ளை. ஆனால் பஸ் றைவருக்கு இவரைத் தெரியாதே.”

பதினொரு கதிரைகள்

மார்கழியில் பெரியவர் காரில் வந்தார். வந்ததும் கதிரைகளைத்தான் எண்ணினார். பதினொன்று. பன்னிரண்டாவது தூணில் நிற்கிறது என்று காட்டினேன். அதில் தொங்கித்தான் பவளம் பஸ் ஏறப் பழகுகிறாள் என்றும் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது. ஆனால் மனுசன் கெட்டவர் இல்லை. அதுதான் கரைச்சல். பவளத்தின் முழங்கைக் காயத்தைப் பார்த்தார், விறாந்தையில் அழும் தாயைப் பார்த்தார், மனம் உருகிவிட்டார். புத்தம் புதிய தட்டெழுத்து யந்திரம் ஒன்று வாங்கி வீட்டுக்கே அனுப்புகிறேன், இருந்து அடிக்கட்டும், ஏன் இந்தப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறீர்கள் என்றார். கதிரையும் ஒன்று கூட வருமாம்.

தாய் கையெடுத்துக் கும்பிட்டார். யந்திரம் வீட்டுக்கு வந்தால் பவளம் வெளியே வரமாட்டாள் என்று அந்தக் கொட்டிலில் எல்லோருக்கும் தெரியும், பெரியவரைத் தவிர. நான் மறுத்துப் பேசினால் என் பயிற்சிக் கடதாசி போய்விடும், அதில் ஒப்பம் வைக்கவேண்டியவர் அவர்தான். பவளம் தாயின் தோளுக்குப் பதிலாக எடுத்திருந்த ஊன்றுகோலை ஊன்றி எழும்பி நின்றுதான் பதில் சொன்னாள்.

“யந்திரத்திலை எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, ஐயா. பஸ்ஸிலைதான் ஆசை.”

தையில் ஒரு நாள்

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸை மறித்தோம். தாய் கூடவே ஏறி யாழ்ப்பாணம் போய் வகுப்பைப் பார்த்து வருவதாக ஏற்பாடு. ஆனால் ஏறுவது பவளம் தனியாக. பஸ் நின்றதும்தான் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. ஊன்றுகோலைக் கண்டதும் வாசலில் இருந்து ஏழெட்டுக் கை ஒன்றாக நீண்டது. ஐயோ பாவம், பிடியுங்கோ, தூக்குங்கோ என்று ஒரே இரக்கம். ஒரு கை பட்டால் போதும், நிபந்தனை போய்விடும், நாலரை மாதமும் போய்விடும். நான் இரண்டு கையையும் விரித்து ஆட்டினேன். அப்போது அந்தக் கொண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார், பவளத்தின் சப்பாத்தைப் பார்த்தார், குறுக்கே கையைப் போட்டார். “ஒருதரும் தொடாதேங்கோ. அளவெடுத்துத் தைச்சிருக்கினம், பொருந்துதோ எண்டு பாப்பம்.”

எஞ்சின் நடுங்க, படியும் நடுங்கியது. பவளம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள். தாய் சேலைத் தலைப்பைப் பல்லுக்குள் கடித்திருந்தார். ஆட்டம் ஒருக்கால் தணிந்தது. நல்ல கால் மேலே. இரும்புக் கால் படியில் ‘டங்’ என்று இடித்தது, திரும்பி வந்தது, மறுபடியும் போய் ஏறியது. பிறகு இரண்டாவது படி. அவள் உள்ளே திரும்பி நின்று வெளியே பார்த்தபோது கொண்டக்டர் மணியை அடித்தார், பஸ் வெளிக்கிட்டது. தாய் ஏற மறந்துபோனார். நானும் ஏற்ற மறந்துபோனேன். புழுதி அடங்கும்வரை இரண்டு பேரும் றோட்டில் நின்றோம். எனக்குக் கண் கலங்கியது. கேட்டவர்களுக்குப் புகையிலைத் தூசி என்று சொல்லிவிட்டேன். தாய் வெளிப்படையாக அழுதார்.

“தம்பி, பத்தொன்பது வருசத்திலை முதல் தரம் என்னை விட்டிட்டுப் போயிட்டாள்.”

நேர்த்தி

கதை அங்கே முடிந்திருந்தால் நான் மானத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியிருப்பேன். மறு கிழமை, பவளம் வகுப்புக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு, தாய் ஒரு தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பவளம் பஸ் ஏறினால் பிள்ளையார் கோயில் வீதியில் மூன்று சுற்றுப் பிரதட்டை என்று நேர்த்தி வைத்தாராம். நல்லது, செய்யுங்கோ அக்கா என்றேன். வீதியில் உடம்பால் உருள்வது ஆம்பிளைகள், பொம்பிளைகள் பின்னால் அடியழிப்பதுதான் வழக்கம் என்றார். தெரியும் என்றேன். பவளத்தின் தகப்பன் சித்திரைக்குத்தான் வருவார் என்றார். அதுவும் தெரியும் என்றேன். அப்போதுதான் தட்டம் என் பக்கம் நகர்ந்தது. நேர்த்தி என் பேரில் வைக்கப்பட்டிருந்தது. பயிற்சி உள்ள உடம்பு என்று பிள்ளையாரிடம் சிபாரிசு வேறு.

செபமாலை அண்ணையைப் பார்த்தேன். அவர் கழுத்துச் சிலுவையை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுச் சுருட்டைத் தொடர்ந்தார். வேறு ஆரையாவது எனக்குப் பதிலாக உருளச் சொல்லலாமே என்று கேட்டேன். பவளம் ஊன்றுகோலைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள், அவ்வளவுதான். ஒருவருக்காக இன்னொருவர் செய்வது எக்காரணம் கொண்டும் ஏற்கப்படாது. எழுத்து வடிவாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலமை, ஈர வேட்டியோடு, முழு ஊரும் பார்த்திருக்க உருண்டேன். தைப் பனியில் மணல் ஐஸாய்க் குளிர்ந்தது, நெருஞ்சி முள் ஒன்றும் என்னைத் தப்பவிடவில்லை. பின்னால் தாய் அடியழித்து வந்தார், என்னைவிடக் கெதியாய். நாற்பது நாள் பயிற்சி எடுத்த முழங்கால் அல்லவா. இரண்டாம் சுற்று முடிய எனக்குத் தலை சுற்றி, இடுப்பு நாரி பிடித்து, மல்லாந்து கிடந்துவிட்டேன். சப்பாத்தோடு கோயில் வீதிக்குள் வரக்கூடாது என்று பவளம் ஒழுங்கையோரம் நின்றாள். ஒருவரும் பிடிக்காமல், தன் காலில் நின்றாள். அங்கே நின்றபடியே, தூணடியில் நான் நிற்கும் அதே தோரணையில், குரல் கொடுத்தாள்.

“முழங்காலை மடக்காதேங்கோ, மாஸ்டர். மூச்சை எண்ணி விடுங்கோ. இன்னும் ஒரு சுற்றுத்தான் கிடக்கு.”

உடலியக்கத்தை ஊக்குவிக்கவென்று திறந்த அந்த நிலையத்தில், ஓர் ஆளைத் தொடாமல் சொல்லிக்கொடுத்தே தலை முதல் கால் வரை அசையவைத்த ஒரே மாஸ்டர் பவளம்தான்.